பீட்டில்ஸ் ராக் பேண்ட்: பழைய பெட்டியை வாங்குவது முதல் மூன்று குரலில் பாடுவது வரை

அறுபதுகளின் ஆங்கில ராக் குழுவான பீட்டில்ஸின் பாட்டுகளை நான் முப்பது வருடமாகக் கேட்டுவந்தேன். ஆனால் அந்தக் குழுவின் பால் மெக்கார்ட்னி பேஸ் கிதாரில் என்ன செய்கிறார் என்பது என் காதில் விழுந்தது, ஐந்து நிறப் பொத்தான்கள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கிதாரைத் தோளில் மாட்டிய பிறகுதான். நான்கைந்து பேர் கூடி விளையாடிச் சிரிக்க ஏற்ற வீடியோ கேம்தான் இந்த பீட்டில்ஸ் ராக் பேண்ட், சந்தேகமில்லை. ஆனால் அதற்கும் மேலே ஒன்று இதில் இருக்கிறது. தெரிந்த பாட்டுக்குள் புகுந்து, உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று பார்க்க வைக்கிறது. இந்த வழிகாட்டியை அந்தக் கண்ணோட்டத்தில்தான் எழுதுகிறேன். மதிப்பெண் குவிப்பது எப்படி என்று தேடி வந்தவர்களுக்கு இங்கே கொஞ்சம்தான் கிடைக்கும்.

முதலில் சுருக்கமாக ஒரு அறிமுகம். பிளாஸ்டிக் வாத்தியங்களைக் கொண்டு பாட்டோடு சேர்ந்து வாசிக்கும் ராக் பேண்ட் கேம் வரிசையை உருவாக்கிய ஹார்மோனிக்ஸ் நிறுவனம் பீட்டில்ஸுக்கு மட்டுமே ஒரு தனி கேம் செய்தது. 2009 செப்டம்பர் 9 அன்று எக்ஸ்பாக்ஸ் 360, பிளேஸ்டேஷன் 3, நின்டெண்டோ வீ என்ற மூன்று கேம் இயந்திரங்களுக்கும் வெளியானது. அவர்களின் ஆல்பங்கள் ஒலி புதுப்பிக்கப்பட்டு சி.டி.யாக வந்ததும் அதே நாள்தான். டிஸ்க்கில் 45 பாட்டுகள். இசைப் பொறுப்பு ஜைல்ஸ் மார்ட்டினுக்கு. பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன். அவருக்கு வாய்த்தது லேசான வேலை இல்லை. கேமில் கிதார்காரர் தப்பு செய்தால் கிதார் ஒலி மட்டும் அறுபட வேண்டும், டிரம்ஸ் தொடர்ந்து ஓட வேண்டும். ஆனால் 1963-இல் அவர்கள் இரண்டே டிராக்கில் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கிதார், பேஸ், டிரம்ஸ் எல்லாம் ஒரே டிராக்கில் பிசைந்து கிடக்கும். அந்த மாவிலிருந்து உப்பையும் தண்ணீரையும் தனித்தனியாக எடுப்பது போன்ற காரியம் அது. அபே ரோட் ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒலி அலைவரிசைகளை வடிகட்டி வடிகட்டிப் பிரித்தார்கள். நீங்கள் ஒரு பொத்தானைத் தவறவிடும்போது அந்த வாத்தியம் மட்டும் காணாமல் போகிறதே, அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

வாங்கும்போது

இனி இதெல்லாம் பழைய சாமான்தான். புதிதாகக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் சேகரிப்பாளர்களுக்கான விலையில் இருக்கும். டிஸ்க் எளிதாக அகப்படும், வாத்தியங்கள்தான் பாடு.

எந்த இயந்திரம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மூன்றில் நான் பரிந்துரைப்பது எக்ஸ்பாக்ஸ் 360. காரணம் ஒன்றே ஒன்று: அதன் வயர்லெஸ் கிதாரும் டிரம்ஸும் நேரடியாக இயந்திரத்தோடு பேசும். பிளேஸ்டேஷன் 3-க்கும் வீக்கும் ஒவ்வொரு வயர்லெஸ் வாத்தியத்தோடும் யு.எஸ்.பி.யில் செருகும் ஒரு சின்ன டாங்கிள் வரும். அது தொலைந்தால் வாத்தியம் வெறும் பிளாஸ்டிக். இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துக் கற்றவன் நான். பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் பிளேஸ்டேஷன் டிரம்ஸ் செட் வாங்கினேன். நல்ல நிலையில் இருந்தது, குச்சிகூடப் புதுசு. டாங்கிள் எங்கே என்று கேட்டதற்கு, "அது இல்லாமலே ஓடும் சார்" என்றார். ஓடவில்லை. எட்டு மாதம் அது என் வீட்டில் துணி காயப்போடும் ஸ்டாண்டாக இருந்தது.

ஆக, வாங்கும்முன் பார்க்க வேண்டியவை. டாங்கிள் இருக்கிறதா, அது அதே வாத்தியத்தோடு வந்ததுதானா. கிதாரில் ஐந்து பொத்தான்களும் அழுத்தினால் திரும்ப எழுகின்றனவா. மீட்டும் பட்டை, அதாவது ஸ்ட்ரம் பார், மேலும் கீழும் இரண்டு பக்கமும் வேலை செய்கிறதா. பலர் கீழ்ப்பக்கம் மட்டுமே மீட்டுவதால் ஒரு பக்கம் தேய்ந்து போயிருக்கும். பேட்டரிப் பெட்டியைத் திறந்து உள்ளே பச்சையாகத் துரு பூத்திருக்கிறதா என்று பாருங்கள். டிரம்ஸில் கால் பெடல் உடைந்து ஒட்டப்பட்டிருக்கிறதா என்றும்.

இந்த கேமுக்கென்றே செய்த கிதார்கள் உண்டு: மெக்கார்ட்னியின் வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ், ஜான் லெனனின் ரிக்கன்பேக்கர் 325, ஜார்ஜ் ஹாரிசனின் கிரெட்ச் டுவோ ஜெட். லட்விக் பெயர் போட்ட முத்துப்பூச்சு டிரம்ஸும் உண்டு. பார்க்க அழகு, ஆனால் கட்டாயமில்லை. அதே இயந்திரத்துக்கான பழைய ராக் பேண்ட் கிதார் எதுவும் இதில் பொருந்தும். அழகுக்காகக் காசு செலவழிக்கத் தோன்றினால் ஹாஃப்னரை மட்டும் வாங்குங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தருகிறார்கள் என்றால் இரண்டு விஷயம். வீ டிஸ்க்குக்கு நாட்டுப் பூட்டு இருக்கிறது: அமெரிக்க டிஸ்க் அமெரிக்க வீயில்தான் ஓடும். அப்புறம், அமெரிக்க எக்ஸ்பாக்ஸின் மின்பெட்டியில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் நம் வீட்டு 230 வோல்ட்டில் செருக வேண்டும். படிக்காமல் செருகினால் கேம் ஒரே சத்தத்தில் முடிந்துவிடும்.

பிற்பாடு இணையத்தில் விற்ற கூடுதல் பாட்டுகள், அதாவது அபே ரோட், சார்ஜென்ட் பெப்பர், ரப்பர் சோல் ஆல்பங்களின் மீதிப் பாட்டுகள், 2016-இலேயே கடையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. இன்று புதிதாக வருபவருக்கு டிஸ்க்கில் உள்ள 45தான். அது குறைவே இல்லை; நம்புங்கள்.

மைக்குக்கு யு.எஸ்.பி. மைக். முடிந்தால் மூன்று. மைக், டாங்கிள் என்று எல்லாவற்றையும் செருகினால் துளைகள் போதாது. மெல்லிய பிளேஸ்டேஷன் 3-இல் இரண்டே யு.எஸ்.பி. துளைகள்தான். தனி மின்சாரம் எடுக்கும் யு.எஸ்.பி. ஹப் ஒன்றைச் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

தாமதத்தை ஒழிப்பது

இந்தப் படியைத் தாண்டிப்போகிறவர்கள்தான் "எனக்குத் தாள ஞானமே இல்லை" என்று கிதாரைக் கீழே வைத்துவிடுகிறார்கள். தப்பு அவர்கள்மீது இல்லை. இன்றைய தட்டை டி.வி.கள் படத்தை வாங்கி, மெருகேற்றி, அப்புறம்தான் திரையில் காட்டுகின்றன. அதற்குள் ஒலி கிளம்பிப் போய்விடும். அல்லது படம் முன்னால் வந்து ஒலி பின்னால் வரும். சினிமா பார்க்கும்போது இது தெரியவே தெரியாது. தாளம் போடும்போது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் எல்லா அடியும் தவறாக விழும். சபாவில் பின்வரிசையில் உட்கார்ந்து முன்வரிசைக்காரர் தொடையைப் பார்த்துத் தாளம் போடுவதுபோல.

எனவே இந்த வரிசையில் செய்யுங்கள்.

டி.வி. அமைப்பில் "கேம் மோட்" என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். பட மெருகேற்றல்கள் பெரும்பாலும் அதிலேயே அணைந்துவிடும். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். அதன் தாமதம் கூடுதல், நாளுக்கு ஒரு மாதிரி வேறு மாறும். டி.வி.யின் சொந்த ஸ்பீக்கரோ, ஒயரில் இணைத்த ஸ்பீக்கரோ போதும்.

பிறகு கேமின் அமைப்புகளுக்குள் போய் அளவுதிருத்தத்தை (காலிபரேஷன்) தேடுங்கள். ராக் பேண்ட் 2-உடன் வந்த கிதாரில் ஒளியையும் ஒலியையும் உணரும் சின்னக் கருவிகள் உள்ளன. கிதாரைத் திரைக்கு எதிரே பிடித்தால் தாமதத்தைத் தானே அளந்துகொள்ளும். அந்த கிதார் இல்லையென்றால் கையால் செய்ய வேண்டும்: ஒலிக்கு ஒருமுறை, படத்துக்கு ஒருமுறை. ஒலிச் சோதனையின்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். படச் சோதனையின்போது வீட்டில் யாரும் பேசக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மூன்று முறை செய்து, மூன்று எண்களும் அக்கம்பக்கமாக வந்தால் நடுவில் உள்ளதை வையுங்கள்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு வழி: "ஐ சா ஹர் ஸ்டாண்டிங் தேர்" பாட்டை எடுங்கள். பாட்டின் தொடக்கத்திலேயே மெக்கார்ட்னி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுகிறார். அந்த எண்ணிக்கையோடு காலைத் தட்டிக்கொண்டு, திரையைப் பார்க்காமல் முதல் சில அடிகளை மீட்டிப் பாருங்கள். காதை மட்டும் நம்பி அடித்தது திரையிலும் சரியாக விழுந்தால் வேலை முடிந்தது.

பழைய குழாய் டி.வி. வீட்டில் தூங்குகிறதா? தூக்கி எறியாதீர்கள். அதில் இந்தத் தாமதமே கிடையாது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு ஒரு சொல்: டிரம்ஸின் மேல் தட்டுகளைவிடக் கால் பெடல்தான் அண்டைவீட்டுச் சண்டையை இழுத்து வரும். அதன் அதிர்வு தரை வழியாக நேரே கீழ்வீட்டுக் கூரைக்குப் போகிறது. தடித்த ஜமக்காளத்தை நான்காக மடித்து அடியில் போடுங்கள். ரப்பர் பாய் இருந்தால் இன்னும் நல்லது.

முதல் மாலை

திரையில் ஒரு சாலை உங்களை நோக்கி ஓடி வரும். அதில் பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஆரஞ்சு நிறக் கற்கள் உருண்டு வரும். கிதாரிலும் பேஸிலும் அந்த நிறப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, கல் கோட்டைத் தொடும் கணத்தில் பட்டையை மீட்ட வேண்டும். டிரம்ஸில் அந்த நிறத் தட்டை அடிக்க வேண்டும். குறுக்கே முழு நீளத்துக்கு ஆரஞ்சுப் பட்டை வந்தால் கால் பெடல். நான்கு கடினநிலைகள் உள்ளன. ஒவ்வொருவரும் தனக்கு ஏற்றதைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதுதான் குடும்பத்துக்கு வசதி. பத்து வயதுப் பையன் எளிய நிலையிலும், அவன் மாமா கடினத்திலும் ஒரே பாட்டை ஒன்றாக வாசிக்கலாம்.

முதல் மாலையில் அமைப்புகளில் "தோல்வி இல்லை" என்ற தேர்வைப் போட்டுவிடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். அது இல்லாவிட்டால் ஒருவர் தொடர்ந்து தவறினால் பாட்டே பாதியில் நின்றுவிடும். விருந்துக்கு வந்தவர் முதல் பாட்டிலேயே கூட்டத்தின் எதிரில் நிறுத்தப்பட்டால் அப்புறம் மைக்கைத் தொடவே மாட்டார்.

இடதுகைக்காரர்களுக்கு அமைப்பில் சாலையைத் திருப்பிப்போடும் வசதி இருக்கிறது. கூச்சப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். மெக்கார்ட்னியே இடதுகைக்காரர்தான்.

எந்தப் பாட்டில் தொடங்குவது? கேமில் பீட்டில்ஸ் வரலாற்று வரிசையில் போகும் கதைப்பகுதி ஒன்றும், விரும்பிய பாட்டை எடுத்து வாசிக்கும் பகுதி ஒன்றும் உண்டு. விருந்தாளிகள் இருக்கும் மாலை என்றால் இரண்டாவது. "யெல்லோ சப்மரீன்" முதலில் வைக்கலாம்; கைக்கு வேலை குறைவு, குழுவின் டிரம்ஸ்காரர் ரிங்கோ பாடும் மெட்டு குழந்தைக்கும் வந்துவிடும். தனியாக இருக்கும் மாலைகளுக்குக் கதைப்பகுதி.

கதைப்பகுதி போகும் வழி

லிவர்பூலின் கேவர்ன் கிளப்பில் தொடங்குகிறது. செங்கல் வளைவுகளுக்கு அடியில், வியர்வை ஒழுகும் நிலவறை. அடுத்து நியூயார்க்கில் எட் சலிவன் நிகழ்ச்சி. 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்காவில் ஏறக்குறைய 7.3 கோடிப் பேர் டி.வி.யில் பார்த்த அந்த மேடை. பிறகு 1965-இல் ஷே ஸ்டேடியம்: 55,000-க்கும் மேற்பட்ட கூட்டம், அலறல் தாங்காமல் பாடுபவர்களுக்கே தங்கள் குரல் கேட்காத இடம். அடுத்தது 1966-இல் டோக்கியோவின் புடோகான் அரங்கு.

ஒவ்வொரு மேடையிலும் பின்னணிக் கூட்டத்தின் ஒலி மாறுவதைக் கவனியுங்கள். பாட்டு ஸ்டூடியோப் பதிவுதான், ஆனால் அதைச் சுற்றி அந்த இடத்தின் இரைச்சலைக் கலந்திருக்கிறார்கள். ஷேயில் விளையாடும்போது வாத்தியத்தைக் கேட்கக் காதைத் தீட்ட வேண்டியிருக்கும். அந்த எரிச்சலே ஒரு தகவல்தான்: 1966 ஆகஸ்டு 29-இல் சான் பிரான்சிஸ்கோ கச்சேரியோடு அவர்கள் சுற்றுப்பயணங்களை ஏன் மூட்டை கட்டினார்கள் என்று விரலுக்கே புரிந்துவிடும்.

அதற்குப் பின் மேடை ஏது? கேமைச் செய்தவர்கள் இங்கே நல்ல யோசனை ஒன்று செய்தார்கள். பாட்டு அபே ரோட் இரண்டாம் ஸ்டூடியோவில் தொடங்கும். நான்கு பேர், ஒலிவாங்கிகள், மரத்தரை. சில வரிகளில் சுவர்கள் கரைந்து ஒரு கனவு விரியும்: கடலடி, பூந்தோட்டம், வானம். வாசிப்பவர் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், கனவு அவருக்குத் தெரியாது. அதனால் இந்தப் பகுதியில் ஒருவர் மாற்றி ஒருவர் வாசியுங்கள். ஓய்வில் இருப்பவர் படத்தைப் பார்க்கட்டும். பாட்டுக்கு முன்னும் பின்னும் ஸ்டூடியோவில் அவர்கள் பேசிக்கொண்ட அரட்டைத் துணுக்குகள் வரும். பொத்தானை அழுத்தித் தாண்டிவிடாதீர்கள்.

கடைசியில் 1969 ஜனவரி 30, லண்டன் சாவில் ரோ 3-ஆம் எண் கட்டடத்தின் மொட்டைமாடி. குளிர்காற்றில் கோட்டை மாட்டிக்கொண்டு வாசித்த கச்சேரி.

எந்த வாத்தியம்

எல்லோரும் முதலில் கிதாரைத்தான் பிடுங்குவார்கள். விட்டுக்கொடுங்கள். பேஸை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பப் பாட்டுகளில் பேஸ் தன் கடமையைச் செய்துகொண்டு போகும், அவ்வளவுதான். 1966-க்கு வந்ததும் பாருங்கள். "பேப்பர்பேக் ரைட்டர்" பதிவில் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஜெஃப் எமெரிக் ஒரு ஸ்பீக்கரையே ஒலிவாங்கியாகத் திருப்பிப் பயன்படுத்தி பேஸின் கனத்தைப் பிடித்தார். அதை வாசிக்கும்போது பாட்டின் எலும்பு உங்கள் கையில் இருப்பதுபோலத் தோன்றும். அதன் பிறகு "சம்திங்". ஹாரிசன் மேலே ஒரு காதல் பாட்டைப் பாடிக்கொண்டிருக்க, கீழே பேஸ் தனக்கென்று இன்னொரு மெட்டைப் பாடுகிறது. அந்தப் பாட்டை எத்தனையோ முறை கேட்டிருந்தும் அந்த இரண்டாவது மெட்டை நான் கவனித்ததில்லை. நடுத்தர நிலையில் பாதி ஸ்வரங்கள்தான் வரும். அதனால் இந்த ஒரு பாட்டுக்காகவாவது பேஸில் கடின நிலைக்கு ஏறுங்கள். ஹாஃப்னரை மட்டும் வாங்கச் சொன்னது இதனால்தான்.

டிரம்ஸ் கற்பவர்களுக்கு இந்த கேமில் உண்மையான ஆதாயம் உண்டு. கிதாரில் பழகுவது பொத்தான் விளையாட்டு. அதை வைத்து நிஜ கிதார் வாசிக்க முடியாது. ஆனால் டிரம்ஸில் கையும் காலும் செய்யும் வேலை ஏறக்குறைய நிஜமான வேலையேதான். பயிற்சிப் பகுதியில் ரிங்கோவின் தாளங்களைப் பாட்டிலிருந்து தனியாக எடுத்து, வேகத்தைக் குறைத்துப் பழகலாம். "டிக்கெட் டு ரைட்" எடுத்துப் பாருங்கள். அடி விழும் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் விழாமல் தள்ளி விழுகிறது. "கம் டுகெதர்" இன்னொன்று: டாம் டிரம்களின் மேல் கை உருண்டு போகும் அந்தத் தொடக்கம் வலதுகைக்காரர்களுக்குக் குழப்பமாகவே இருக்கும். காரணம் எளிது. ரிங்கோ இடதுகைக்காரர், ஆனால் வலதுகைக்காரருக்கான அமைப்பில் உட்கார்ந்து வாசித்தவர். நாம் வலதுகையில் தொடங்கும் இடத்தில் அவர் கை வேறு பக்கம் இருந்து வருகிறது. இடதுகையில் தொடங்கிப் பாருங்கள், முடிச்சு அவிழும்.

"ஹெல்டர் ஸ்கெல்டர்" ஒன்றை மட்டும் கடைசிக்கு வையுங்கள். பாட்டு முடிவில் ரிங்கோ விரல் கொப்பளித்துவிட்டது என்று கத்துவது கேட்கும். அது நடிப்பு இல்லை என்று உங்கள் மணிக்கட்டு சாட்சி சொல்லும்.

கிதாரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. லெனனும் ஹாரிசனும் வாசித்த இரண்டு கிதார்களையும் ஒரே சாலையில் அடக்கியிருப்பதால் சில பாட்டுகளில் தாவித் தாவி ஓட வேண்டியிருக்கும். "டே டிரிப்பர்" தொடக்கம் வாசிக்க இனிமை. "எ ஹார்ட் டேஸ் நைட்" முதல் அடியில் ஒரு சந்தோஷம் இருக்கிறது: அந்த ஒற்றை முழக்கத்தில் என்னென்ன ஸ்வரங்கள் என்று இசைக்காரர்கள் பல பத்தாண்டுகளாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள், நீங்கள் சில பொத்தான்களை அழுத்தி ஒரே மீட்டில் எழுப்பிவிடலாம். "ஹியர் கம்ஸ் தி சன்" நடுப்பகுதி மற்றவர்களைக் கவிழ்க்கும் இடம். நான்கு நான்காக எண்ணிக்கொண்டு போனால் அடி தவறும். அங்கே ஏழு எண்ணிக்கையும் வந்து கலக்கிறது. மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய காது நமக்கு. தகிட தகதிமி என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டால் தப்பிக்கலாம். ஹாரிசன் இந்திய இசையில் ஊறியவர் என்பதை இந்த இடம் காட்டிக்கொடுக்கிறது.

டிஸ்க்கில் "வித்தின் யூ வித்தவுட் யூ", "டுமாரோ நெவர் நோஸ்" இரண்டையும் பின்னிய கலவை ஒன்றும் இருக்கிறது. ஹாரிசனின் இந்தியச் சாயல் குரலுக்கு அடியில் ரிங்கோவின் இடி. ஆளில்லாத இரவில், விளக்கை அணைத்துவிட்டு, டிரம்ஸில் வாசிக்க வேண்டியது.

மூன்று குரலில் பாடுவது

இந்த கேமின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ராக் பேண்ட் வரிசையில் முதல்முறையாக மூன்று பேர் மூன்று மைக்கில் மூன்று வேறு மெட்டுகளை ஒரே நேரத்தில் பாட வைத்தது இதுதான். வாத்தியக்காரர் மூவர், பாடகர் மூவர், ஆக ஆறு பேர்.

நம்மில் பலருக்கு இது பழக்கமில்லாத சங்கதி. நாலு பேர் சேர்ந்து பாடினால் நாம் ஒரே மெட்டைத்தான் பாடுவோம். பஜனையிலும் அப்படித்தான், பள்ளிக்கூடப் பிரார்த்தனையிலும் அப்படித்தான். மெட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பிரிந்து பாடுவது தேவாலயப் பாடகர் குழுவில் நின்றவர்களுக்குத்தான் இயல்பாக வரும். எங்கள் வீட்டில் அது நிரூபணமானது. பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த அத்தை, இளவயதில் தேவாலயக் குழுவில் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்குரல்) பாடியவர், பேருக்கு ஒரு மைக்கை வாங்கினார்.

"எனக்கு இந்த இங்கிலீஷ் பாட்டு வரி ஒண்ணும் தெரியாதேடா."

"வரி வேண்டாம் அத்தை, சுருதி மட்டும் போதும். ஆ-ன்னு பாடுங்க."

"இப்படி ஒரு பாட்டா? சரி போடு."

இரண்டாவது சரணத்திலேயே நடுக்குரலைப் பிடித்துவிட்டார். நாங்கள் இரண்டு மாதமாக முட்டிக்கொண்டிருந்தது அது.

நான் அவரிடம் சொன்னது உண்மை. கேம் உங்கள் குரலின் சுருதியைத்தான் அளக்கிறது. பாடும் பகுதிகளில் வார்த்தை தெரியாவிட்டாலும் ஆகாரத்தில் பாடினால் ஏற்றுக்கொள்ளும். பேச்சாக வரும் சில இடங்களில் மட்டும் உச்சரிப்பைக் கவனிக்கும். ஸ்தாயியும் தடையில்லை. மெக்கார்ட்னி மேல் ஸ்தாயியில் கத்துவதை நீங்கள் கீழ் ஸ்தாயியில் பாடலாம். ஸ்வரம் சரியாக இருந்தால் போதும்.

பழகும் முறையைச் சொல்கிறேன், இதை மாற்றாதீர்கள்.

முதலில் ஒருவர் மட்டும் முக்கியக் குரலைப் பாடட்டும். மற்றவர்கள் கேட்கட்டும். அடுத்து பயிற்சிப் பகுதிக்குள் போங்கள். அங்கே ஒவ்வொரு குரலையும் தனியாக ஒலிக்கவிட்டுக் கற்கலாம். நடுக்குரலைக் கற்பவர் இங்கேயே அரை மணி நேரம் இருக்க வேண்டும். மேல்குரல் காதில் தானாக விழும், கீழ்க்குரலையும் தேடிப் பிடிக்கலாம். நடுக்குரல் மட்டும் ஒளிந்துகொண்டிருக்கும். மெட்டு என்று சொல்லவே முடியாதபடி இரண்டு மூன்று ஸ்வரங்களுக்குள் நிற்கும். அதைத் தனியாகப் பாடினால் சலிப்பாகவும், சேர்ந்து பாடினால் மயிர்க்கூச்செறியவும் இருக்கும்.

மூன்றாவதாக, இரண்டு பேர் மட்டும்: நடுவும் மேலும். நடுக்குரல்காரர் ஒரு காதைப் பொத்திக்கொள்ளட்டும். தன் குரல் தனக்குக் கேட்டால்தான் அடுத்தவர் மெட்டு இழுத்துக்கொண்டு போகாது. கடைசியாக மூவரும். யார் எந்தக் குரலைப் பாடுகிறீர்கள் என்று கேமுக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, அதுவே கண்டுகொள்ளும். பாதியில் இடம் மாறிக்கொள்ளவும் செய்யலாம். எல்லாக் குரலும் ஒரே அடியில் பொருந்தினால் திரையில் "டிரிபிள் ஃபேப்" என்று மின்னும். அதைப் பார்த்து எங்கள் வீட்டில் ஒருவர் மைக்கைக் கீழே போட்டு உடைத்தார்.

தொடங்க நல்ல பாட்டு "இஃப் ஐ நீடட் சம்ஒன்". நிதானமானது, மூன்று குரலும் நீண்ட நேரம் சேர்ந்தே நகர்கின்றன. பிறகு "பேப்பர்பேக் ரைட்டர்". தொடக்கமே வாத்தியமில்லாமல் குரல்கள்தான், அதனால் தயாராக நில்லுங்கள். "ட்விஸ்ட் அண்ட் ஷவுட்" மாலையின் முடிவில் மட்டும். 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பத்துப் பாட்டுகளைப் பதிவு செய்த பிறகு, சளிபிடித்த தொண்டையோடு லெனன் கடைசியாகப் பாடியது அது. முதல்முறை பாடியதே ஆல்பத்தில் இருக்கிறது. இரண்டாவது முறைக்குத் தொண்டை மிஞ்சவில்லை. பக்கத்தில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள்.

டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடுவது தனி வித்தை. மைக் ஸ்டாண்டு ஒன்று இருந்தால் "பாய்ஸ்" பாட்டில் முயன்று பாருங்கள், ரிங்கோ அதை அப்படித்தான் பாடினார்.

மதிப்பெண், கொஞ்சம்

தொடர்ந்து தவறாமல் வாசித்தால் மதிப்பெண் நான்கு மடங்கு வரை பெருகும், பேஸுக்கு மட்டும் ஆறு மடங்கு. ஒளிரும் கற்களைத் தவறாமல் எடுத்தால் "பீட்டில்மேனியா" சேரும். கிதாரைச் செங்குத்தாகத் தூக்கினால் அது பற்றிக்கொண்டு மதிப்பெண் இரட்டிக்கும்; தோற்றுப்போன கூட்டாளியையும் அதைக்கொண்டு மீட்கலாம். நெரிசலான பகுதிக்குச் சற்று முன்னால் தூக்குங்கள், அவ்வளவுதான் சூட்சுமம்.

மற்ற ராக் பேண்ட் கேம்களை விளையாடியவர்களுக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. அவற்றில் டிரம்ஸ்காரர் தன் இஷ்டத்துக்கு அடித்து நிரப்பும் இடங்கள் உண்டு, கிதாரில் நெம்புகோலை ஆட்டி ஒலியை வளைக்கலாம். இங்கே இரண்டும் கிடையாது. மூலப் பாட்டில் கை வைக்கக் கூடாது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு என் டிரம்ஸ் நிரப்பல்களைப் பற்றி யோசித்துப் பார்த்து அவர்கள் பக்கமே சாய்ந்துவிட்டேன்.

நட்சத்திரம் சேரச் சேரப் பழைய புகைப்படங்களும் தகவல் துணுக்குகளும் திறக்கும். அவற்றுக்காகவாவது தேறாத பாட்டுகளுக்குத் திரும்ப வருவீர்கள்.

ஒரே பாட்டு, நான்கு முறை

நான் வாசிக்கும் முறை இது. ஒரு மாலைக்கு ஒரு பாட்டு. முதல் முறை பேஸ். இரண்டாவது டிரம்ஸ், பேஸ் எங்கே கால் பெடலோடு கைகோக்கிறது என்பது அப்போது தெரியும். மூன்றாவது கிதார். நான்காவது, கையில் ஒன்றும் இல்லாமல் பாட்டு. நான்கும் முடிந்ததும் இயந்திரத்தை அணைத்துவிட்டு, அதே பாட்டை நல்ல ஹெட்போனில் ஒருமுறை கேட்கிறேன்.

"டியர் புரூடென்ஸ்" இதற்கு நல்ல தொடக்கம். 1968-இல் ரிஷிகேஷ் ஆசிரமத்தில் இருந்தபோது லெனன் எழுதியது. ஒரே அசைவில் தொடங்கி, ஒவ்வொரு வாத்தியமாக வந்து சேர்ந்து, கடைசியில் டிரம்ஸ் கரையை உடைத்துக்கொண்டு ஓடும். அந்த டிரம்ஸ் ரிங்கோ இல்லை. அவர் அப்போது கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போயிருந்தார், குச்சியைப் பிடித்தவர் மெக்கார்ட்னி. கேமின் திரையில் ரிங்கோதான் உட்கார்ந்திருப்பார். கையில் மட்டும் வித்தியாசம் தெரியும்: "கம் டுகெதர்" வாசித்த அன்றே இதையும் வாசித்துப் பாருங்கள்.

முடித்து எடுத்துவைக்கும்போது எல்லா வாத்தியத்திலிருந்தும் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். உள்ளே ஒழுகினால் போயிற்று. டாங்கிளைத் தனி டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்தாதீர்கள், பத்திரப்படுத்திய இடம்தான் மறந்துபோகும். அந்தந்த கிதாரின் தோள்பட்டையிலேயே ஒரு சின்னப் பையில் கட்டித் தொங்கவிடுங்கள். டிரம்ஸுக்கு, கால் பெடலோடு சேர்த்து.